கயிற்றைப் பிடிக்க ஒருவர்: பணியிட விபத்துகளும் நம் பொறுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் ஜனாஸா தொழுகையை நாம் முன்னின்று நடத்த நேர்ந்தது. வயது இருபத்து மூன்று. திருவண்ணாமலையில் பிறந்து, பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் தோல் பதனிடும் ஆலைக்கு வேலைக்குப் போனவர். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய சக தொழிலாளி உள்ளேயே மயங்கி விழுந்திருக்கிறார். அவரைத் தூக்கி விடலாம் என்று இவரும் இறங்கியிருக்கிறார். இருவருமே உயிரோடு திரும்பவில்லை.

தொழுகைக்கு முன் பொறுமையைப் பற்றியும் விதியைப் பற்றியும் நாம் பேசினோம். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கிறது என்றோம். கூடியிருந்தவர்கள் கண் கலங்கினார்கள். ஆலையிலிருந்து வந்திருந்தவர்களும் தலையசைத்தார்கள். அடக்கம் முடிந்து கபரஸ்தானிலிருந்து திரும்பும்போது அந்தப் பிள்ளையின் அத்தா நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஹஜ்ரத், மேல ஒருத்தர் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னிருந்தா எம் புள்ள வந்திருப்பானா?"

நம்மிடம் பதில் இல்லை. அன்று நாம் பேசியதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இல்லைதான். ஆனால் மார்க்கம் சொன்னதில் பாதியை மட்டுமே பேசினோம். மீதிப் பாதியைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இது நம் வீட்டுச் செய்தி

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். தோல் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது அந்தச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் அப்போது வேலைகூடச் செய்துகொண்டிருக்கவில்லை.

ராணிப்பேட்டை நமக்கு வெளியூர் அல்ல. 1989 வரை திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. தோல் தொழில் நம் சமுதாயத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்று சொல்லத் தேவையில்லை. அதன் முதலாளிகளிலும் நம்மவர்கள் உண்டு, தொழிலாளிகளிலும் உண்டு. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம்.

தோல் ஆலை மட்டுமல்ல. ஆரணியில் அரிசி ஆலை, செய்யாறு சிப்காட்டில் தொழிற்சாலை, நம் ஊரில் வெல்டிங் பட்டறை, கறிக்கடை, பிரியாணிக் கடை, கரும்புச் சாறு வண்டி, கட்டட வேலை என்று நம் பிள்ளைகள் பல இடங்களில் உழைக்கிறார்கள். பௌர்ணமி என்றால், கார்த்திகை தீபம் என்றால், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக விடிய விடிய வியாபாரம். இரண்டு இரவு தூங்காத ஒருவர் கொதிக்கும் எண்ணெய்க்கும் கேஸ் சிலிண்டருக்கும் பக்கத்தில் நிற்கிறார். அடுப்பு ஹிந்துக் கடையில் எரிந்தாலும் முஸ்லிம் கடையில் எரிந்தாலும் நெருப்பு ஒன்றுதான்.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் வேலை தொடர்பான காரணங்களால் இறக்கிறார்கள். இதில் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் விபத்தில் இறப்பவர்கள். மற்றவர்கள் வேலையால் வந்த நோய்களால் இறப்பவர்கள். உயிர் போகாமல் காயத்தோடு தப்புபவர்கள் 39 கோடிக்கும் மேல். நம் ஊர்ப் பட்டறையில் விரல் போன பையன் எந்தக் கணக்கிலும் வராமலே போவதும் உண்டு.

விதி என்று சொல்வது எப்போது சரி?

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணமாகி 'ஸர்க்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களிடமும் அன்சாரிகளிடமும் குறைஷி மூத்தவர்களிடமும் ஆலோசித்துவிட்டுத் திரும்பிப் போக முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கிச் செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையான கரையில் மேய்ப்பதும் விதிப்படிதானே என்று விளக்கினார்கள். புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது.

விபத்து விதி என்றால் கயிறும் விதிதான். பாதுகாப்புத் தடுப்பும் விதிதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை நாம் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறோம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் எச்சரிக்கிறது.

நடந்து முடிந்த துயரத்துக்கு ஆறுதலாக விதியைச் சொல்வது ஈமான். நடக்கப்போகும் துயரத்தைத் தடுக்காமல் இருப்பதற்கு விதியைச் சாக்காகச் சொல்வது ஈமான் அல்ல, அலட்சியம்.

இது ஏன் பொதுச் சுகாதாரப் பிரச்சினை?

தெருவில் பத்து வீட்டில் காலரா வந்தால், அந்தப் பத்துப் பேரும் கவனமாக இருக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. குடிநீர்க் குழாயில் சாக்கடை எங்கே கலக்கிறது என்று தேடுகிறோம். ஆனால் ஒரே வகை இயந்திரத்தில் பத்துப் பேருக்கு விரல் போனால், "பையன் கவனமா இல்ல" என்று முடித்துவிடுகிறோம். பொதுச் சுகாதாரப் பார்வை என்பது, காயத்துக்கும் நோயைப் போலவே ஊற்றைத் தேடி அடைப்பதுதான்.

இந்தப் பார்வைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இத்தாலியின் மோடெனா நகரில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற மருத்துவர் இருந்தார். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி மூச்சு வாங்க வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இப்படி அவசரப்படுகிறாய் என்று கேட்டார். அந்தக் குழியில் அதிக நேரம் நின்றால் கண் பறிபோகும் என்று அவர் சொன்னார். அந்தப் பதில் மருத்துவரை உலுக்கியது. ஊரின் தொழிலாளிகளை ஒவ்வொரு வகையாகப் போய்ப் பார்த்தார். எந்தத் தொழிலில் என்ன நோய் வருகிறது என்று 1700இல் ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்ற பாடம் அவரிடமிருந்து வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் எட்டிப் பார்த்த குழி இன்னும் நம் ஊர்களில் மூடப்படவில்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அடுத்த கட்டங்களில் அமிலம் பயன்படுகிறது. இந்த இரண்டு கழிவும் தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உண்டாகும். வீட்டுக் கழிவறைத் தொட்டியில் மலம் அழுகும்போதும் இதே வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும். சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும். காலால் கலக்கினால் குபீரென்று வெளியே வரும்.

குறைந்த அளவில் இது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரமே மிகவும் ஆபத்தான நேரமாக இருக்கலாம். இன்னும் அளவு கூடினால் சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்துவதற்கும் நேரம் இருக்காது.

மேலே நிற்பவருக்கு உள்ளே விழுந்தவர் வழுக்கி விழுந்தது போலத்தான் தெரியும். உடனே இறங்குவார். அவரும் விழுவார். மூன்றாமவர் இறங்குவார். இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற மாயிதா அத்தியாயத்தின் கருத்து நம் பிள்ளைகளின் இரத்தத்தில் ஊறியது. அதனால்தான் யோசிக்காமல் குதிக்கிறார்கள். அந்த நல்ல மனதுக்கு நாம் செய்யும் மரியாதை, குதிக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், காற்றைச் சோதித்துத் தகுதியானவர் எழுத்தில் சான்று தராமல் ஆள் இறங்கக் கூடாது. இல்லாவிட்டால், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அத்தா கபரஸ்தான் வாசலில் கேட்ட கயிறு, அவர் பிறப்பதற்கு முன்பே சட்டத்தில் இருந்த கயிறு. இப்போது தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ள 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழிலாளியைப் பாதுகாக்கும் கடமை முதலாளியுடையதுதான்.

வீட்டு, பள்ளிவாசல், கல்யாண மண்டபக் கழிவறைத் தொட்டிகளில் விதி இன்னும் கடுமையானது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது குற்றம். இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாரி வைத்து உறிஞ்சி எடுப்பதே வழி. "கொஞ்சந்தான் அடியில இருக்கு, ஒரு ஆள எறக்குங்க" என்று சொல்லும் முத்தவல்லியாக நம்மில் யாரும் இருக்க வேண்டாம்.

அம்பின் முனையைப் பிடித்தல்

பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளோடு செல்பவர், யார் மீதும் கீறிவிடாதபடி அதன் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. இதில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு நுணுக்கம் உண்டு. அம்பு வருகிறது, பார்த்து நடங்கள் என்று கூட்டத்துக்கு அவர்கள் சொல்லவில்லை. அம்பு வைத்திருப்பவரிடம் முனையை மூடச் சொன்னார்கள். ஆபத்தைக் கொண்டுவருபவர் மீதே முதல் பொறுப்பு.

இன்றைய பாதுகாப்புத் துறையும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. முதலில், ஆபத்தான வேலையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளையோ முறையையோ பயன்படுத்து. அடுத்து, ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு வை. அதற்குப் பிறகுதான் பயிற்சி, ஓய்வு நேரம், எச்சரிக்கைப் பலகை. கடைசியாகத்தான் ஹெல்மெட்டும் கையுறையும். நாம் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். சுழலும் இயந்திரத்தின் அருகே துணிக் கையுறை போட்டால் அதுவே கையை உள்ளே இழுத்துவிடும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

கரும்புச் சாறு இயந்திரத்தின் உருளைக்கு முன் விரல் போகாத அளவு தடுப்பு, கிரைண்டிங் சக்கரத்துக்கு மூடி, மோட்டார் பெல்ட்டுக்குக் கூண்டு: இவைதான் நம் காலத்து அம்பு முனைகள். சுத்தம் செய்ய வசதியில்லை என்று மூடியைக் கழற்றி மூலையில் போட்டவர் முனையைத் திறந்துவிட்டவர். ஈரத் தரையில் மோட்டார் ஓடும் கடையில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இல்லாவிட்டால் அதுவும் அப்படியே. சுற்றுச்சுவர் இல்லாத மாடியில் இரவு தூங்குவதைக்கூட நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் உள்ளது. மூன்றாம் மாடியில் சாரத்தில் நிற்பவருக்குத் தடுப்புக் கம்பியும் இடுப்பு வாரும் கேட்பது ஆடம்பரமா?

முதலாளிச் சகோதரர்களுக்கு

கைக்குக் கீழ் வேலை செய்பவர்களை உங்கள் சகோதரர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அழைத்தார்கள். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்த வேண்டாம் என்றும், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்றும் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். கயிற்றைப் பிடித்து நிற்பது அந்த உதவிதானே?

சிலர் ஒரு ஹதீஸைக் காட்டலாம். கிணற்றிலோ சுரங்கத்திலோ ஏற்படும் இழப்புக்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியில் ஒரு செய்தி வருகிறது. கூலிக்குக் கிணறு தோண்டியவர் மீது மண் சரிந்தால் முதலாளி பொறுப்பல்ல என்று விளக்கவுரைகளில் இருப்பதும் உண்மை. ஆனால் அதே அறிஞர்கள், பொதுவழியில் உரிமையின்றிக் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்தால் தோண்டியவரே பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறார்கள். வரம்பு மீறல் இருக்கிறதா இல்லையா என்பதே அளவுகோல். சோதிக்காத தொட்டியில் ஆளை இறக்குவதும் தடுப்பைக் கழற்றுவதும், சட்டம் விதித்ததை மீறிய செயல்கள். வரம்பு மீறாதவருக்குத் தரப்பட்ட சலுகையை அவர் எப்படிக் கேட்க முடியும்? தீங்கை இயன்றவரை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற ஃபிக்ஹ் விதி, உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத் தொகுப்பில் 31ஆவது பிரிவாகவே உள்ளது.

பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடமா? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களை இஎஸ்ஐயில் சேருங்கள். சம்பளத்தில் நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம். வேலையில் காயம்பட்டால் சிகிச்சையும் சம்பளத்தின் பெரும்பகுதியும் கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும்.

குடும்பங்களும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

விபத்து நடந்தால் பல ஊர்களில் முதலில் கூடுவது ஜமாஅத்தான். நல்ல எண்ணத்தோடுதான் பேசி முடிக்கிறோம். ஒரு தொகையை வாங்கிக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட வைக்கிறோம். இதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் விதி. கையில் கொடுத்தது இழப்பீடாகக் கருதப்படாது. விதவையின் பங்கும் யதீம் பிள்ளைகளின் பங்கும் பறிபோகாமல் காக்கவே இந்த ஏற்பாடு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனவராக இருந்தாலும் தலைமை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். சமாதானம் பேசுங்கள். ஆனால் ஆணையர் முன் பதிவு செய்து பேசுங்கள்.

கட்டட வேலை, ஆட்டோ, சுமை தூக்குதல் போன்ற அமைப்புசாராத் தொழில்களில் இருப்பவர்களுக்குத் தமிழக அரசின் நலவாரியங்கள் உள்ளன. ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்திலேயே பதிவு முகாம் வைக்கலாம்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சம்பளத்தைக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "அங்க என்ன மெஷின்? மூடி இருக்கா? தொட்டிக்குள்ள எறங்கச் சொல்றாங்களா?" கை வெட்டுப்படாமல் தப்பித்தேன் என்று அவன் சொன்னால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். பிறகு ஏன் அப்படி ஆனது என்றும் கேளுங்கள். இன்று தப்பியது நாளை தப்பாமல் போகலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் சில விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். தொட்டிக்குள் ஒருவர் விழுந்தால் யாரும் இறங்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கும் 108க்கும் உடனே சொல்லுங்கள். வாயு இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டாம், வெடிக்கலாம். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். தீக்காயத்தில் மையோ பற்பசையோ தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மீது வைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது.

நம் உலமாக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஏப்ரல் 28 உலகப் பணியிடப் பாதுகாப்பு தினம். அதை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமையில் ஒரு குத்பாவை அம்பு முனை ஹதீஸுக்குத் தாருங்கள். ஜனாஸாவில் பேசுவதைவிட அது ஒரு வீட்டுக்காவது அதிகம் பயன்படும்.

அந்த அத்தாவின் கேள்விக்கு இப்போது நம்மிடம் பதில் இருக்கிறது. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் கயிற்றைப் பிடிக்க ஒருவர் நின்றிருக்க வேண்டும். அவர் நிற்காதது நம் குற்றம். அதை அன்றே, எல்லோர் முன்னிலையிலும் நாம் சொல்லியிருக்க வேண்டும்.

ஹலாலான உணவுக்காக வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவரையும் வல்ல அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக. அவர்களின் பாதுகாப்பை அமானிதமாகக் கருதி நிறைவேற்றும் மனதை நமக்குத் தருவானாக. ஆமீன்.